‘தேவையான அளவு’ என்று எழுதக் கூடாத சமையல் குறிப்பு

சமையல் பக்கத்தில் ‘உப்பு - தேவையான அளவு’ என்று போட்டிருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. சமைப்பவருக்குக் கைப்பதம் இருக்கிறது, ருசி பார்க்க நாக்கு இருக்கிறது. கூடிப்போனால் கொஞ்சம் தண்ணீர், குறைந்துபோனால் இன்னொரு சிட்டிகை. சாப்பாடு தப்பித்துவிடும்.

அதே வரியை ஆய்வுக்கூடக் குறிப்பில் எழுதினால்தான் சிக்கல். ‘படத்தைத் தேவையான அளவு தெளிவாக்கி, தேவையான அளவு பெரிய செல்களை மட்டும் எண்ணினோம்’ என்று ஒருவர் எழுதினால் கேள்விகள் வரிசை கட்டும். அந்தத் தேவையை யார் தீர்மானித்தார்? எவ்வளவு? நாளை வேறொருவர் செய்தால் அதே எண்ணிக்கை வருமா?

இதற்கு ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகளாகக் கைகொடுக்கும் மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் மேக்ரோ. ஒரு மென்பொருளுக்குள் மவுஸைக் கொண்டு வரிசையாகச் செய்யும் வேலைகளை, வரி வரியாக எழுதிவைக்கும் சின்னக் குறிப்புதான் மேக்ரோ. அலுவலகங்களில் எக்செல் மேக்ரோ பலருக்கும் பழக்கம். விஞ்ஞானிகளின் மென்பொருள்களுக்கும் இப்படித் தனித்தனிக் குறிப்பு மொழிகள் இருக்கின்றன. அவற்றில் மிக எளிமையான ஒன்று ‘இமேஜ்-ஜே’ மென்பொருளின் மேக்ரோ மொழி.

ஆயிரம் க்ளிக், ஒரு சுவடும் இல்லை

ஆய்வு மாணவி ஒருவர் மைக்ராஸ்கோப்பில் எடுத்த 200 படங்களை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை செல்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். கறுப்புப் பின்னணியில் செல்கள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரிகின்றன.

வேலை இப்படிப் போகும். படத்தைத் திற. பொடிப் புள்ளிகள் மறைய லேசாக மங்கலாக்கு. எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் இருந்தால் செல், அதற்குக் கீழே இருந்தால் பின்னணி என்று ஒரு கோடு போடு. பிறகு எண்ணு. எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு படத்தை மூடு. ஒரு படத்துக்கு ஆறு க்ளிக் என்றாலும் 200 படங்களுக்கு 1,200 க்ளிக்.

சலிப்பைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. திங்கள்கிழமை காலையில் வெளிச்சக் கோட்டை 120-ல் வைத்தவர், வெள்ளிக்கிழமை மாலையில் கண் சோர்ந்து 110-ல் வைத்திருக்கலாம். அவருக்கே அது நினைவிருக்காது. மவுஸ் போன பாதைக்குச் சுவடு கிடையாது. கடைசியில் கையில் இருப்பது 200 எண்கள். அவை எப்படி வந்தன என்பதற்குச் சாட்சி ஒன்றும் இல்லை.

மேக்ரோ எழுதும்போது முதலில் கிடைப்பது வேகம் என்று தோன்றும். உண்மையில் கிடைப்பது சாட்சி.

ஒரு அரசு ஊழியர் எழுதிய இலவச மென்பொருள்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் இருக்கிறது என்.ஐ.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய சுகாதார நிறுவனங்களின் தலைமையிடம். அங்கே பணியாற்றிய வேய்ன் ராஸ்பேண்ட், மெக்கின்டாஷ் கணினிக்காக ‘என்.ஐ.எச். இமேஜ்’ என்ற மென்பொருளை 1987-ல் வெளியிட்டார். அதிலேயே பாஸ்கல் மொழியின் சாயலில் ஒரு மேக்ரோ மொழி இருந்தது.

மெக்கின்டாஷ் இல்லாதவர்கள் என்ன செய்வது? அதற்குப் பதிலாக 1997-ல் வந்தது ‘இமேஜ்-ஜே’. ஜாவா மொழியில் எழுதப்பட்டதால் அந்த ‘ஜே’. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். காசு கிடையாது, உள்ளே இருக்கும் நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். உயிரியல் ஆய்வாளர்கள் தங்களுக்குத் தேவையான துணை நிரல்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய மூட்டைக்கு ‘ஃபிஜி’ என்று பெயர். ‘ஃபிஜி என்பது வெறும் இமேஜ்-ஜேதான்’ என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளே அந்தப் பெயர்.

செல் எண்ணுவதில் தொடங்கி இலையின் பரப்பை அளப்பது வரை, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்த மென்பொருள் புழங்குகிறது. அதன் மேக்ரோ மொழியைக் கற்றுக்கொள்ள நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. காரணம், அதற்குள் ஒரு ‘ரெக்கார்டர்’ இருக்கிறது.

பார்த்து எழுதும் பிள்ளை

பிளக்-இன்ஸ் மெனுவில் மேக்ரோஸ், அதில் ரெக்கார்ட் என்று ஒரு வரி உண்டு. அதை அழுத்தினால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதற்குப் பிறகு மெனுவில் எதைத் தொட்டாலும், அது கட்டளையாக அந்த ஜன்னலில் வந்து விழும். பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சமைப்பதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதும் பிள்ளை மாதிரி.

படத்தை மங்கலாக்கினால், ‘ரன்’ என்ற சொல்லும், அதன் பின்னால் ‘காஸியன் பிளர், சிக்மா=2’ என்ற விவரமும் பதிவாகும். கட்டளைகளின் அமைப்பு இதுதான்: முன்னால் என்ன செய்ய வேண்டும், பின்னால் எவ்வளவு செய்ய வேண்டும். முதல் பாதி மெனுவில் இருக்கும் பெயர். இரண்டாம் பாதி, அந்த மெனுவை அழுத்தினால் வரும் பெட்டியில் நிரப்புகிற எண்களும் டிக் அடையாளங்களும். நிரலில் இவை எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செல்களை எண்ணும் கட்டளைக்குப் பெயர் ‘அனலைஸ் பார்ட்டிகிள்ஸ்’. அதன் பின்பாதியில், குறைந்தது எவ்வளவு பெரிய புள்ளியை எண்ண வேண்டும், ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்ட செல்களைச் சேர்ப்பதா விடுவதா, பழைய கணக்கை அழித்துவிட்டுத் தொடங்குவதா என்பதெல்லாம் இருக்கும்.

ஒரே படத்துக்கு இப்படிப் பதிவு செய்துவிட்டால் முதல் மேக்ரோ தயார். ஆனால் அதை இரண்டாவது படத்தில் ஓடவிட்டால் பெரும்பாலும் முரண்டு பிடிக்கும். ‘முதல் படம்’ என்ற பெயருள்ள ஜன்னலைத் தேடும். பார்த்து எழுதிய பிள்ளை, ‘இன்று வாங்கிய கத்தரிக்காய்’ என்றே எழுதிவைத்துவிட்டது. நாளைக்கு வாங்கும் கத்தரிக்காய்க்கு அது பொருந்தாது.

இங்கேதான் மாறிகள் வருகின்றன.

பெயர் எழுதிய டப்பாக்கள்

பள்ளிக் கணினிப் பாடத்தில் ‘மாறி’ என்று படித்திருப்பார்கள். மேல் அலமாரியில் பெயர் எழுதி அடுக்கிய டப்பாக்களை நினைத்துக்கொண்டால் போதும். டப்பாவின் பெயர் மாறாது. உள்ளே இருப்பது மாறும்.

‘தலைப்பு’ என்று ஒரு டப்பா வைத்து, ‘இப்போது திறந்திருக்கும் படத்தின் பெயரை இதில் போடு’ என்று மேக்ரோவிடம் சொல்லலாம். ‘கெட்-டைட்டில்’ என்ற உள்கட்டளை அந்த வேலையைச் செய்யும். பிறகு முதல் படத்தின் பெயர் இருந்த இடங்களில் எல்லாம் இந்த டப்பாவின் பெயரை எழுதிவிட்டால், மேக்ரோ எந்தப் படத்துக்கும் பொருந்தும்.

இமேஜ்-ஜே மேக்ரோ மொழியில் மாறிகள் தாராளமானவை. ‘இது எண் டப்பா, இது எழுத்து டப்பா’ என்று முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லை. எண், எழுத்துச் சரம், ஆம்-இல்லை, பட்டியல் என்று எதையும் போடலாம். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. ஒரே ஒரு கண்டிப்பு: பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘சைஸ்’ வேறு, சின்ன எழுத்தில் தொடங்கும் ‘சைஸ்’ வேறு.

மேக்ரோவுக்குள் தனித் துண்டாக எழுதும் சிறு நிரலுக்கு ஃபங்ஷன் என்று பெயர். வெளியே வைத்திருக்கும் டப்பாவை அது சாதாரணமாகப் பார்க்காது. எல்லோருக்கும் பொதுவான டப்பா வேண்டுமென்றால் முன்னால் ‘வார்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் சிலருடைய பீரோவுக்குத் தனிச் சாவியும், கூடத்து அலமாரிக்குப் பொதுச் சாவியும் இருப்பதைப் போலத்தான்.

200 படங்களின் பெயர்களும் ஒரே பட்டியல் மாறியில் உட்காரும். ‘முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒவ்வொன்றாக எடுத்து, திற, மங்கலாக்கு, கோடு போடு, எண்ணு, மூடு’ என்று ஒரு சுற்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கவனிக்க வேண்டியது, பட்டியலில் முதல் பெயரின் எண் 0. 200 பெயர்கள் இருந்தால் கடைசி எண் 199. ‘200 வரை போ’ என்று எழுதினால், இல்லாத பெயரைத் தேடி மேக்ரோ நின்றுவிடும்.

கூடவே ‘செட்-பேட்ச்-மோட்’ என்ற கட்டளையைப் போட்டால், படங்கள் திரையில் வந்து வந்து போகாது. உள்ளேயே வேலை நடக்கும். இதனால் 20 மடங்கு வரை வேகம் கூடலாம் என்கிறது இமேஜ்-ஜேயின் விளக்கக் குறிப்பு.

மேலே நிற்கும் மூன்று வரிகள்

நல்ல மேக்ரோ எழுதுபவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கும். மனிதர் தீர்மானித்த எண்கள் அனைத்தையும் மாறிகளாக்கி, மேக்ரோவின் தலையிலேயே எழுதிவிடுவார்கள்.

மங்கல் = 2

வெளிச்ச வரம்பு = 120

குறைந்த அளவு = 50

இதற்குக் கீழே இருப்பது முழுக்க இயந்திரத்தின் வேலை. இந்த மூன்று வரிகள் மட்டும் மனிதரின் முடிவு. யார் திறந்து பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது இவைதான். ‘ஏன் 120? ஏன் 100 இல்லை?’ என்று கேட்க வசதியாக நிற்கின்றன. ‘தேவையான அளவு’ என்று ஒளிந்துகொண்டிருந்தது இப்போது கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

வெளிச்ச வரம்பை மனிதர் சொல்ல வேண்டாம், படமே சொல்லட்டும் என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் நொபுயுகி ஓட்சு 1979-ல் வெளியிட்ட ஒரு கணக்கு, படத்தில் இருக்கும் வெளிச்சப் புள்ளிகளையும் இருட்டுப் புள்ளிகளையும் மிகத் தெளிவாகப் பிரிக்கும் கோட்டைத் தானே கண்டுபிடிக்கும். இமேஜ்-ஜேயில் அதை ஒரு சொல்லில் கேட்கலாம். இப்படிப்பட்ட முறைகள் அதில் ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோடு போடும். எனவே எந்த முறை என்று தேர்ந்தெடுப்பதும் மனித முடிவுதான். அதையும் மேலே எழுதத்தான் வேண்டும்.

இதில் நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. 200 படங்களில் 100 படங்கள் புது மருந்து கொடுத்த எலிகளுடையவை, 100 படங்கள் கொடுக்காத எலிகளுடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்ய வேண்டும் என்று மனம் ஆசைப்படும். படத்துக்குப் படம் மவுஸால் கோடு போட்டால், அந்த ஆசை விரல் வழியே இறங்கிவிடும். ஏமாற்ற நினைக்காதவருக்கும் இது நடக்கும். எது எந்த எலியின் படம் என்று பார்ப்பதற்கு முன்பே வரம்பை முடிவு செய்து, மேலே எழுதி, எல்லாப் படத்துக்கும் ஒன்றாக ஓடவிட்டால், ஆசைக்கு நுழைய இடமில்லை.

சத்தம் போடும் தவறு, சத்தம் போடாத தவறு

மேக்ரோ எழுதிவிட்டால் தவறே வராது என்றில்லை. தவறுகளில் இரண்டு வகை. ஒன்று, கத்திச் சொல்லிவிட்டு நிற்கும். கட்டளையின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று செய்தி வரும். கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்து, அதைச் சதுர அடைப்புக்குள் வைக்க மறந்தால், மேக்ரோ முதல் சொல்லோடு பெயர் முடிந்துவிட்டதாக நினைத்துத் தேடித் தோற்கும். இவை எரிச்சலைத் தரும், ஆபத்தைத் தராது.

ஆபத்தானவை, சத்தமே இல்லாமல் தப்பான எண்ணைக் கொடுப்பவை. மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, அலகு. ‘குறைந்த அளவு = 50’ என்று மேலே எழுதினோமே, 50 என்ன? படத்தோடு அளவுகோல் விவரம் பதிந்திருந்தால், மென்பொருள் அதை 50 சதுர மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். அந்த விவரம் இல்லாத படமாக இருந்தால், 50 பிக்சல் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் எந்த எச்சரிக்கையும் வராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பிக்சலின் பக்கம் அரை மைக்ரான் என்றால், அதன் பரப்பு 0.25 சதுர மைக்ரான். 50 சதுர மைக்ரானுக்கு 200 பிக்சல் வேண்டும். அது 8 மைக்ரான் விட்டமுள்ள வட்டமான செல்லின் பரப்பு. அளவுகோல் தொலைந்துபோன படத்தில் 50 பிக்சல் என்பது 12.5 சதுர மைக்ரான்தான். 4 மைக்ரான் விட்டம். பாதி விட்டமே உள்ள தூசியும் உடைந்த துண்டும் செல் என்ற பெயரில் கணக்கில் ஏறிவிடும். படங்களை வேறு வடிவத்தில் சேமிக்கும்போது இந்த அளவுகோல் விவரம் உதிர்ந்துபோவது உண்டு என்பதால், இது கற்பனைப் பயமில்லை.

இரண்டாவது, பழைய கணக்கு. எண்ணும் கட்டளையில் ‘கிளியர்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், புதுப் படத்தின் வரிகள் பழைய அட்டவணைக்குக் கீழேயே சேரும். அட்டவணையில் எத்தனை வரிகள் என்று சொல்லும் ‘என்-ரிசல்ட்ஸ்’ என்பதைச் செல்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால், முதல் படத்தில் 40, இரண்டாவதில் 75, மூன்றாவதில் 105 என்று வரும். உண்மையில் இருப்பவை 40, 35, 30. செல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கணக்கோ கூடிக்கொண்டே போவதாகச் சொல்கிறது. முடிவே தலைகீழ்.

மூன்றாவது, மறக்காத மென்பொருள். இமேஜ்-ஜே சில விருப்பங்களைக் கணினியில் சேமித்து வைத்து, மறுநாள் திறக்கும்போதும் அப்படியே வைத்திருக்கும். ‘கறுப்புப் பின்னணி’ என்று ஒரு விருப்பம் உண்டு. படத்தைக் கறுப்பு-வெள்ளையாகப் பிரித்த பிறகு, கறுப்பு பின்னணியா, வெள்ளை பின்னணியா என்பதை அது தீர்மானிக்கும். ஒரு கணினியில் டிக் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால், செல்களுக்குப் பதில் பின்னணியே ‘பொருள்’ ஆகிவிடலாம். மேக்ரோ ஒன்றுதான், படம் ஒன்றுதான், விடை வேறு. முன்னால் சமைத்தவர் அடுப்பை எந்த அளவில் விட்டுப்போனார் என்று பார்க்காமல் பாலை வைத்த கதை.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே. சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுவது. பிக்சலில்தான் எண்ண வேண்டுமென்றால் ‘பிக்சல்’ என்ற சொல்லைச் சேர்ப்பது. ‘கிளியர்’ போடுவது. பின்னணி விருப்பத்தை மேக்ரோவின் முதல் வரிகளிலேயே ‘செட்-ஆப்ஷன்’ கட்டளையால் நிர்ணயிப்பது. குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு மென்பொருள் வேண்டும் என்பதை ‘ரிக்வயர்ஸ்’ என்ற கட்டளையால் சொல்லிவிடுவது.

இரண்டு நெடுவரிசைகள், ஐந்து கட்டுரைகள்

சத்தம் போடாத தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இமேஜ்-ஜேக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் அறிவியல் உலகம் மறக்காத சம்பவம் ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஜெஃப்ரி சாங், புரதங்களின் வடிவத்தை எக்ஸ்-ரே மூலம் கண்டறிபவர். பாக்டீரியாவின் செல் சவ்வில் இருக்கும் ‘எம்.எஸ்.பி.ஏ.’ என்ற புரதத்தின் வடிவத்தை அவருடைய குழு 2001-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. அதைத் தொடர்ந்து மேலும் சில வடிவங்கள் வெளிவந்தன. அவற்றை நம்பிப் பலர் தங்கள் ஆய்வுகளைத் திட்டமிட்டார்கள்.

2006-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தின் வடிவத்தை வெளியிட்டார்கள். இரண்டும் பொருந்தவில்லை. சாங் தன் பக்கத்தில் தேடிப் பார்த்தார். தரவைச் செயலாக்க அவர்கள் பயன்படுத்தி வந்த, ஆய்வுக்கூடத்திலேயே உருவான சிறு நிரல், இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டிருந்தது. அதனால் வடிவம் கண்ணாடியில் தெரிவதைப் போல வலம் இடமாகத் திரும்பிவிட்டது. நிரல் ஒருமுறைகூட நின்று எச்சரிக்கவில்லை.

5 கட்டுரைகளை அவர் திரும்பப் பெற்றார். அடுத்த ஆண்டு திருத்திய வடிவம் வெளிவந்தது. அந்த நிரலை எழுதியவருக்கும் பயன்படுத்தியவர்களுக்கும் திறமைக் குறைவில்லை. விடை தெரிந்த ஒன்றை வைத்து அந்த நிரலைச் சோதித்துப் பார்த்திருந்தால், பல வருட உழைப்பு மிஞ்சியிருக்கும்.

விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுங்கள்

மேக்ரோவை நம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை எளிமையானவை. கறுப்புத் தாளில் பத்து வெள்ளை வட்டங்கள் வரைந்த படத்தைக் கொடுத்தால் பத்து என்று சொல்கிறதா? ஒன்றுமே இல்லாத படத்துக்கு 0 என்கிறதா? நிஜப் படங்களில் ஐந்தைக் கையால் எண்ணி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் எவ்வளவு தள்ளி நிற்கிறது? பக்கத்துக் கணினியில் ஓட்டினாலும் அதே எண் வருகிறதா? இந்த நான்கையும் தாண்டினால், பெரும்பாலான திருட்டுத் தவறுகள் பிடிபட்டுவிடும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை விளையாட்டாகவே செய்து பார்க்கலாம். ஒரு இலையையும் பக்கத்தில் ஸ்கேலையும் வைத்து, நேர் மேலிருந்து போனில் படம் எடுங்கள். கணினியில் இமேஜ்-ஜேயில் திறந்து, ஸ்கேலின் 10 சென்டிமீட்டர் மேல் ஒரு கோடு போட்டு, ‘செட் ஸ்கேல்’ பெட்டியில் 10 என்று கொடுத்தால், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்பதை அது கணக்கிட்டுக்கொள்ளும். பிறகு இலையைப் பிரித்து அளந்தால் பரப்பு சதுர சென்டிமீட்டரில் வரும்.

இப்போது அதே இலையை இரண்டு மடங்கு உயரத்திலிருந்து இன்னொரு படம் எடுத்து, பழைய அளவுகோலிலேயே அளந்து பாருங்கள். ‘செட் ஸ்கேல்’ பெட்டியில் ‘குளோபல்’ என்ற இடத்தில் டிக் போட்டிருந்தால், முதல் படத்தின் அளவுகோல் இரண்டாவதுக்கும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். இலையின் நீளம் பாதியாகத் தெரிவதால் பரப்பு கால்வாசியாகிவிடும். 40 சதுர சென்டிமீட்டர் இலை, கணக்கில் 10 ஆகச் சுருங்கும். இலை சுருங்கவில்லை, மாறியில் பழைய எண் இருக்கிறது, அவ்வளவுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரிந்தால், ஆய்வு மாணவர்கள் வருடக்கணக்கில் பட்டுத் தெரிந்துகொள்ளும் பாடம் ஒரு மதியத்தில் கிடைத்துவிட்டது.

எழுதித் தருபவர் யாராக இருந்தாலும்

இப்போது சாட்பாட்டிடம் ‘செல்களை எண்ண ஒரு மேக்ரோ எழுதிக் கொடு’ என்றால் நிமிடத்தில் கிடைக்கிறது. முன்பு சீனியர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கும் முன்பு யாரோ எழுதியதை யாரோ நகல் எடுத்தார்கள். மேக்ரோ எங்கிருந்து வந்தாலும், அதை ஓட்டி வந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடுபவர் ஒருவர்தான். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

எழுதிக் கொடுத்தவருக்கு அந்தப் படம் எந்த மைக்ராஸ்கோப்பில் எடுத்தது என்று தெரியாது. பின்னணி கறுப்பா வெள்ளையா என்று தெரியாது. ஓரத்தில் வெட்டுப்பட்ட செல் கணக்கில் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாது. தெரிந்தவர் ஆய்வு செய்பவர் மட்டுமே. எனவே மேக்ரோவை வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அதை ஓட்டுவது அல்ல. வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே காரணம் எழுதுவது. வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால், மென்பொருள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. மனிதர்களுக்காக மனிதர்கள் எழுதும் குறிப்புக்கு மொழியே ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. காரணம் எழுத முடியாத எண் ஏதாவது இருந்தால், அது இன்னும் ‘தேவையான அளவு’தான்.

வீட்டில் ஆராய்ச்சி படிக்கும் பிள்ளை இருந்து, கணினித் திரையில் புரியாத வரிகளாக ஓடிக்கொண்டிருந்தால், அப்பாவோ அம்மாவோ பாட்டியோ தயங்காமல் பக்கத்தில் உட்காரலாம். கணினி தெரிய வேண்டியதில்லை. திரையில் மேலே இருக்கும் எண் ஒன்றைக் கைகாட்டி, ‘இந்த 50 என்னதுப்பா, 50 எது?’ என்று கேட்டால் போதும். சட்டென்று பதில் வந்தால் சந்தோஷம். பிள்ளை ஒரு நொடி யோசித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனால், அன்றைக்கு ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது.